சாலையோர வியாபாரிகள் கணக்கெடுப்பு: டவுனில் காய் விற்கும் விவசாயி எந்தப் பட்டியலில் வருகிறார்?



விடிவதற்கு முன்பே கீரைக்கட்டு, கத்தரி, வெண்டை என்று டூவீலரிலோ முதல் பஸ்ஸிலோ ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய், பஸ் ஸ்டாண்டு ஓரத்திலோ கோயில் வீதியிலோ சாக்கை விரித்து விற்றுவிட்டு, ஒன்பது பத்து மணிக்குள் ஊர் திரும்பும் குடும்பங்கள் நம் மாவட்டங்கள் எல்லாவற்றிலும் இருக்கின்றன. இவர்களில் பலரிடம் உழவர் சந்தை அட்டை இல்லை. நகராட்சி தரும் சாலையோர வியாபாரி அட்டையும் இல்லை. தினமும் சுங்கச் சீட்டுக்கு மட்டும் பணம் கட்டுகிறார்கள். ஒருநாள் ஆக்கிரமிப்பு அகற்றும் வண்டி வந்து நின்றால், "நான் வியாபாரி இல்லீங்க, என் காட்டுக் காய்" என்று சொல்வதைத் தவிர கையில் வேறொன்றும் இருப்பதில்லை.

நகரத்துத் தெரு வியாபார விதிகளுக்கும் விவசாயத்துக்கும் என்ன தொடர்பு என்று நினைக்க வேண்டாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ கத்தரி பறிக்கிறீர்கள். மண்டியில் கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,000 ரூபாய். நூற்றுக்குப் பத்து கமிஷனும், 100 ரூபாய் வண்டிக்கூலியும் போக 800 நிற்கும். அதே காயை நீங்களே டவுனில் கிலோ 35 ரூபாய்க்கு விற்றால் 1,750. வண்டிக்கூலி 100, சுங்கம் 50, உட்கார்ந்து விற்பவரின் அரைநாள் கூலி 300 கழித்தாலும் 1,300 மிஞ்சும். விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் அந்த 500 ரூபாய் வித்தியாசம் முழுவதும், நகரத்தில் ஆறடி இடம் உங்களுக்குக் கிடைக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தே இருக்கிறது. விதை, உரம், மருந்து பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். இந்த ஆறடி இடத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை.

தெருவில் நேரடியாக விற்காதவர்களுக்கும் இது பொருந்தும். 2020 மே மாதம் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனது நினைவிருக்கும். அந்த ஊரடங்குக் காலத்தில் மொத்தச் சந்தை ஏதோ ஒரு வகையில் நடந்தது. தள்ளுவண்டிக்காரர்களும் கூடைக்காரர்களும் முன்போல வாங்கிக் கொண்டுபோக முடியாததால் காய் தேங்கியது. பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டாமல் செடியிலேயே விட்ட விவசாயிகள் உண்டு. நம் காயை வீட்டு வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் கடைசிக் கை அவர்கள்தான். அந்தக் கையைத் தட்டிவிட்டால் வலி தோட்டம் வரை வரும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சாலையோர வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி கடன் திட்டத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டிக்க, 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 50 லட்சம் புதியவர்கள் உட்பட 1.15 கோடிப் பேருக்குப் பயன் தருவது இலக்கு. நகரங்களோடு நிற்காமல், மக்கள்தொகைக் கணக்கில் நகரமாகக் குறிக்கப்பட்ட ஊர்களுக்கும் நகரத்தை ஒட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக விரிவுபடுத்தப் போகிறார்கள். இன்னொரு பக்கம், நகர எல்லை நம்மை நோக்கி நகர்ந்து வருகிறது. 2024 ஆகஸ்டில் நாமக்கல், புதுக்கோட்டை, காரைக்குடி, திருவண்ணாமலை நான்கும் மாநகராட்சிகள் ஆயின. சுற்றியுள்ள ஊராட்சிகள் அவற்றோடு சேர்க்கப்பட்டன. ஊராட்சியாக இருந்தவரை உங்கள் ஊர்ச் சந்தைக்குப் பொருந்தாத ஒரு சட்டம், மாநகராட்சி ஆன அன்றிலிருந்து பொருந்தும்.

சட்டம் என்ன சொல்கிறது?

சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014ஆம் ஆண்டு மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாடு அரசு இதற்கான விதிகளையும் திட்டத்தையும் 2015ல் வெளியிட்டது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி ஆகிய நகர அமைப்புகளுக்கு இது பொருந்தும். ரயில்வே இடத்துக்குப் பொருந்தாது. ரயில் நிலைய வாசலில் கடை போடுபவர்கள் இதை மறக்கக்கூடாது.

ஒவ்வொரு நகரத்திலும் 'நகர விற்பனைக் குழு' ஒன்று இருக்க வேண்டும். ஆணையர் அல்லது செயல் அலுவலர் அதன் தலைவர். உறுப்பினர்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இந்தக் குழு 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றும் அடையாள அட்டையும் தரவேண்டும். எந்தத் தெருவில் தடையின்றி விற்கலாம், எதில் கட்டுப்பாட்டோடு விற்கலாம், எதில் விற்கவே கூடாது என்று மண்டலம் பிரிக்க வேண்டும். வார்டு அல்லது நகர மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடம் தரலாம் என்பது அளவு. ஒரு லட்சம் பேர் வாழும் டவுனில் 2,500 பேர் என்று கணக்கு.

கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. எழுத்தில் இது நல்ல பாதுகாப்பு. நடைமுறையில் "உங்கள் பெயர் கணக்கிலேயே இல்லையே" என்ற ஒரு வார்த்தையில் இது கரைந்துவிடும். நம் ஆட்கள் விஷயத்தில் அதுதான் சிக்கல். கணக்கெடுப்பவர் பகல் பதினொரு மணிக்கு வந்தால் தள்ளுவண்டி டிபன் கடைக்காரர் இருப்பார், துணிக்கடைக்காரர் இருப்பார். காலையிலேயே விற்றுவிட்டுத் தண்ணீர் பாய்ச்ச ஊருக்குப் போன விவசாயி இருக்க மாட்டார்.

கையெழுத்துப் போடுமுன் 5ஆம் பிரிவைப் படியுங்கள்

விற்பனைச் சான்று வாங்குபவர் மூன்று உறுதிமொழி தரவேண்டும். தானோ தன் குடும்பத்தாரோதான் விற்பேன். எனக்கு வேறு வாழ்வாதாரம் இல்லை. சான்றையோ இடத்தையோ யாருக்கும் வாடகைக்கோ வேறு எந்த வகையிலோ மாற்றித் தரமாட்டேன்.

இரண்டாவது உறுதிமொழியைக் கவனியுங்கள். மூன்று ஏக்கர் பட்டா, பி.எம். கிசான் தவணை, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் என்று எல்லாமே உங்கள் பெயரில் இருக்கும்போது 'வேறு வாழ்வாதாரம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டால் அது நிற்காது. தவறான தகவல் தந்து வாங்கிய சான்றை ரத்து செய்ய 10ஆம் பிரிவு குழுவுக்கு அதிகாரம் தருகிறது. "எல்லோரும்தான் போடுகிறார்கள், நீங்களும் போடுங்கள்" என்று உள்ளூரில் யாராவது சொல்வார்கள். என் கருத்து: நிலம் உங்கள் பெயரில் இருந்து, விவசாயமே முதல் தொழிலாக இருந்தால், அந்தச் சான்றுக்காக அலைய வேண்டாம். சட்டத்தை எழுதியவர்கள் முழுநேரத் தெரு வியாபாரியை மனதில் வைத்து எழுதினார்கள். வாரம் இரண்டு நாள் தன் விளைச்சலை விற்க வரும் விவசாயி அவர்கள் கண்ணில் படவில்லை. இது சட்டத்தின் குறை என்றே நினைக்கிறேன். ஆனால் குறையைப் பொய் உறுதிமொழியால் அடைக்க முடியாது.

உங்கள் வீட்டிலேயே வேறு நிலைமை உள்ளவர் இருக்கலாம். நிலம் இல்லாத சித்தி, கணவரை இழந்த அக்கா, ஊரில் நாலு தோட்டத்தில் காய் வாங்கித் தினமும் டவுனில் கூடையில் விற்கும் அத்தை. இவர்கள் சட்டத்தின் பார்வையில் முழுமையான சாலையோர வியாபாரிகள். வசிப்பது கிராமமாக இருந்தாலும் விற்பது நகரத் தெருவில்தான். சான்று வழங்குவதில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளி, சிறுபான்மையினருக்கும் முன்னுரிமை உண்டு. கணக்கெடுப்பு வரும்போது இவர்கள் பெயர் கட்டாயம் ஏற வேண்டும். இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் வியாபாரம் தொடங்கியவர்களும் விண்ணப்பிக்கலாம். மண்டலத்தில் இடம் இருப்பதைப் பொறுத்துக் குழு சான்று தரலாம்.

ஸ்வநிதி கடனும் இவர்களுக்குத்தான். சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்து நகர எல்லைக்குள் விற்பவர்களும், நகராட்சியோ நகர விற்பனைக் குழுவோ தரும் பரிந்துரைக் கடிதம் இருந்தால் இந்தக் கடன் பெறலாம் என்று திட்ட வழிகாட்டுதல் தொடக்கத்திலிருந்தே சொல்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. இப்போதைய அளவில் முதல் தவணை 15,000 ரூபாய், அதைச் சரியாகக் கட்டினால் 25,000, பிறகு 50,000. ஈடு கேட்கமாட்டார்கள். ஒழுங்காகக் கட்டுபவர்களுக்கு 7 சதவீத வட்டி மானியம் உண்டு. நிலம் உள்ள விவசாயி இதற்குப் போவதில் லாபம் இல்லை. கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனைக் கெடுவுக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது.

அப்படியானால் நிலம் உள்ள விவசாயிக்கு என்ன வழி?

முதல் வழி உங்களுக்குத் தெரிந்ததே. உழவர் சந்தை. 1999 நவம்பர் 14ல் மதுரை அண்ணா நகரில் தொடங்கியது. வாடகை இல்லை, தராசும் அங்கேயே தருகிறார்கள். சிட்டா, அடங்கல், ஆதார், புகைப்படத்தோடு உழவர் சந்தை நிர்வாக அலுவலரிடம் விண்ணப்பித்தால், தோட்டத்தை நேரில் பார்த்துவிட்டு அடையாள அட்டை தருவார்கள். உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் உழவர் சந்தை இருந்து, அங்கே கூட்டமும் இருந்தால், தெருவோரத்தை விட அதுதான் நல்லது. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் எல்லா டவுனிலும் உழவர் சந்தை இல்லை. இருக்கும் இடத்திலும் வாங்குபவர் வராத மூலையில் அமைந்துவிட்டால் பயனில்லை. திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு மாற்றாகக் கள்ளிக்குடியில் கட்டிய வளாகம், வியாபாரிகள் போக மறுத்ததால் பல ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்ததை அந்தப் பக்கத்து விவசாயிகள் அறிவார்கள். சந்தை என்பது கட்டடத்தில் இல்லை. வாங்குபவர் வேலைக்குப் போகிற வழியில், கோயிலுக்கு வருகிற வழியில் இருக்கிறது. நம் ஆட்கள் தெருவோரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதுதான்.

இங்கேதான் சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வாசல் இருக்கிறது. வாங்குபவரும் விற்பவரும் வழிவழியாகக் கூடிவரும் இடத்தைச் சட்டம் 'இயற்கைச் சந்தை' என்கிறது. நகர விற்பனைக் குழு பரிந்துரைத்து, நகராட்சி அதை அப்படித் தீர்மானிக்க வேண்டும். கணக்கெடுப்பில் அடையாளம் கண்ட சந்தையையோ இயற்கைச் சந்தையையோ 'விற்பனை கூடாத மண்டலம்' என்று அறிவிக்க முடியாது என்று சட்டத்தின் முதல் அட்டவணை சொல்கிறது. 50 ஆண்டுக்கு மேல் நடக்கும் இயற்கைச் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என அறிவிக்க வேண்டும், அங்கே விற்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்று இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு ஆட்கள் பயன்படுத்தும் நேரப் பங்கீட்டுக்கும் அதே அட்டவணையில் இடம் உண்டு.

இந்த மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். ஆளுக்கொரு சான்று கேட்டுப் போராடுவதை விட, காலை ஐந்து முதல் ஒன்பது மணி வரை நீங்கள் கூடும் அந்த இடத்தையே விவசாயிகள் சந்தையாகக் கணக்கெடுப்பில் ஏற்றச் செய்வதுதான் நமக்குப் பொருத்தமான வழி என்று நினைக்கிறேன். இடம் பதிவானால் இன்று நீங்கள் வருவீர்கள், நாளை பக்கத்துத் தோட்டத்துக்காரர் வருவார், கோடையில் வெள்ளரிக்காரர் வருவார். ஒன்பது மணிக்கு மேல் அதே இடத்தில் பூக்காரரோ பழக்காரரோ உட்காரலாம். அவர்களோடு சண்டை இல்லாமல் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. குழுவில் வாக்கு உள்ளவர்கள் அவர்கள்தான்.

இதைத் தனி ஆளாகக் கேட்டால் காது கொடுக்கமாட்டார்கள். குழுவில் சந்தைச் சங்கம், வணிகர் சங்கம், தொண்டு நிறுவனம், குடியிருப்போர் நலச்சங்கம், வங்கி ஆகியவற்றோடு அரசு பொருத்தமாகக் கருதும் பிற தரப்புக்கும் இடம் தரலாம் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ உழவர் மன்றமோ தங்கள் தரப்புக்கும் இடம் கேட்டு ஆணையருக்குக் கடிதம் தரலாம். கடிதத்தில் உணர்ச்சி வேண்டாம். எந்தத் தெரு, எத்தனை ஆண்டாக, எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை விவசாயிகள், எந்த ஊராட்சிகளிலிருந்து, என்னென்ன காய் என்று எழுதுங்கள். அதிகாலையில் கூட்டம் தெரியும்படி எடுத்த படங்களை இணையுங்கள். "கணக்கெடுப்பாளர்கள் காலை ஏழு மணிக்கு வரவேண்டும்" என்ற ஒரு வரியை மறக்காதீர்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சுங்கச் சீட்டையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். குத்தகைக்காரரின் ஆள் பணம் வாங்கிக்கொண்டு சீட்டைக் கிழித்துத் தருவார். நாம் அதை அங்கேயே போட்டுவிட்டு வருவோம். சில இடங்களில் சீட்டே தருவதில்லை, நாமும் கேட்பதில்லை. தேதி போட்ட சீட்டுதான் அந்த இடத்தில் நீங்கள் விற்றதற்குக் கையிலுள்ள சான்று. சீட்டில் போட்ட தொகைக்கு மேல் தரவேண்டாம். ஒரு பிளாஸ்டிக் கவரில் ஆண்டுவாரியாகப் போட்டு வையுங்கள். வீட்டில் உரச் சீட்டு வைக்கும் இடத்திலேயே இதற்கும் இடம் இருக்கும்.

வண்டி வந்து நின்றால்

நகராட்சி தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பள்ளி நேரத்தில் ஆம்புலன்ஸ் போக வழியில்லாமல் சாக்கு விரித்தால் யாரும் பொறுக்கமாட்டார்கள். பொதுமக்கள் தடையின்றிச் சாலையைப் பயன்படுத்தும் உரிமையைச் சட்டமே உறுதி செய்யச் சொல்கிறது. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, அழுகிய காயை அங்கேயே கொட்டாமல் சாக்கில் கட்டி எடுத்து வந்தாலே பாதிப் புகார் குறையும். அந்தக் கழிவு உங்கள் எருக்குழிக்கு ஆகும்.

ஆனால் அகற்றுவதற்கும் முறை உண்டு. 18ஆம் பிரிவின்படி 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். கெடு முடிந்தும் காலி செய்யாவிட்டால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதி, எடுத்தவர் கையெழுத்திட்ட நகலை உங்களிடம் தரவேண்டும். திரும்பக் கேட்டு, உரிய கட்டணமும் கட்டினால், கெடாத பொருளை 2 வேலை நாளுக்குள்ளும் அழுகும் பொருளைக் கேட்ட அன்றைக்கே கட்டாயமாகவும் தரவேண்டும். இது 19ஆம் பிரிவு.

அன்றைக்கே என்பது கீரைக்கு ஒத்துவராது. பறித்து ஐந்தாறு மணி நேரம் வெயிலில் வண்டியில் கிடந்த அரைக்கீரையை மாலை நான்கு மணிக்குத் திருப்பித் தந்தால் அது மாட்டுக்குத்தான். தக்காளி, வெண்டைக்கும் ஏறக்குறைய அதே கதை. கத்தரி, பூசணி, தேங்காய், கருணைக்கிழங்கு தாங்கும். எனவே வண்டியை மறித்து நின்று தகராறு செய்வதில் நேரத்தைப் போக்காமல், முதலில் பட்டியலைக் கேளுங்கள். எத்தனை கிலோ, என்ன காய், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று அதில் இருக்கட்டும். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நேரே நகராட்சி அலுவலகத்துக்குப் போய், அழுகும் பொருள் என்று குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள். தராசையும் எடுத்திருந்தால் அதையும் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள்.

தராசு என்றதும் இன்னொன்று. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் போடலாம். முத்திரை இல்லாத தராசு பிடிபட்டால் நீங்கள் விவசாயி என்பதால் விட்டுவிட மாட்டார்கள். சொந்தத் தோட்டத்தில் விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயியின் கையில் உள்ள விளைபொருள் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது. அதே நிலக்கடலையை அவித்து விற்றாலோ மக்காச்சோளத்தைச் சுட்டு விற்றாலோ பதிவு பற்றிக் கேட்பார்கள்.

உங்கள் நகராட்சியில் கடைசியாகக் கணக்கெடுப்பு நடந்தது எந்த ஆண்டு, நகர விற்பனைக் குழுவில் இருப்பவர்கள் யார், மண்டலப் பட்டியலில் உங்கள் தெரு எந்த வகையில் வருகிறது? இந்த மூன்று கேள்வியையும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். பதிலை வாங்கிக்கொண்ட பிறகு குழுவாகக் கடிதம் எழுதுங்கள். கடைசிக் கணக்கெடுப்பு நடந்து 5 ஆண்டு தாண்டியிருந்தால் அந்த ஆண்டையே கடிதத்தின் முதல் வரியில் குறிப்பிடுங்கள்.